முதல் மாடியில் காணாமல் போன படகு

சிதம்பரம் கீழ வீதியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, முதல் மாடியில், பட்டப்பகல் பதினோரு மணிக்கு ஒரு படகு காணாமல் போய்விட்டது.

பதறாதீர்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்த மாடியில் இருந்த நான்கு பேரின் முகத்தைப் பார்த்திருந்தால், நீங்களும் என்னைப் போல "யாருக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டிருப்பீர்கள்.

நான் அங்கே போனது படகு தேடுவதற்கு அல்ல, பலாப்பழம் கொடுப்பதற்கு. மே மாதம் பிறந்தால் என் மனைவிக்கு அவள் தம்பி ஞாபகம் வந்துவிடும். பண்ருட்டிப் பலா ஒன்றை என் தலையில் கட்டி, கடலூரில் பஸ் ஏற்றி விடுவாள். அக்னி நட்சத்திர வெயிலில், மடியில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்தவனைப் பக்கத்து சீட்டுக்காரர் எப்படிப் பார்த்தார் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

மச்சான் பெயர் பாஸ்கர். பெங்களூரில் நல்ல கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவன், அதை உதறிவிட்டு ஊருக்கு வந்து வீடியோ கேம் தயாரிக்கும் ஆபீஸ் ஒன்று திறந்தான். எங்கள் குடும்பத்தில் யாரும் அதை ஒரு வேலை என்று ஒப்புக்கொள்ளவில்லை. நானும்தான். பொழுது போகாதவர்கள் ஆடுவதற்கு பொம்மை செய்து கொடுப்பது ஒரு உத்தியோகமா? இதே பத்தியில் ஒருமுறை நக்கலடித்தும் எழுதியிருக்கிறேன். அதை இன்றைக்கு முழு மனதோடு வாபஸ் வாங்குகிறேன்.

"உக்காருங்க மாமா. படகு ஒண்ணு காணோம்" என்றான் பாஸ்கர், பலாப்பழத்தை ஏறெடுத்தும் பார்க்காமல்.

விஷயம் இதுதான். அவர்கள் செய்து கொண்டிருந்தது படகுப் பந்தய கேம். பிச்சாவரம் மாதிரி ஒரு அலையாத்திக் காடு. அதற்குள் வளைந்து வளைந்து போகும் வாய்க்கால்கள். கீபோர்டில் நான்கு பட்டன்களை வைத்துக் கொண்டு படகை ஓட்ட வேண்டும். ஆபீஸில் இருக்கும் நான்கு பேரும் மாதக்கணக்காக ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. படகு வழுக்கிக் கொண்டு போனது, ஒரு குறையும் இல்லை.

அப்புறம்தான் வெளியாட்களை வைத்து ஆடிப் பார்க்கலாம் என்று பக்கத்துக் கடலோர ஊரான கிள்ளையிலிருந்து மீனவர்களைக் கூப்பிட்டார்கள். அது மீன்பிடித் தடைக்காலம். கடலில் மீன்கள் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகளை எல்லாம் கட்டிப் போட்டிருக்கும் நாட்கள். படகில் போகிறவர்கள் வலையைத் தைத்துக் கொண்டு, சீட்டாடிக் கொண்டு கரையில் இருப்பார்கள். அதில் நாலைந்து பேர் சிரித்துக் கொண்டே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை படகு காணாமல் போனது.

மோதவில்லை. கவிழவில்லை. இருந்தாற்போல் இல்லை, அவ்வளவுதான். திரையில் தண்ணீரும் மரமும் மட்டும் நின்றன. எந்த இடத்தில் போனது? "அதோ அந்தத் திருப்பத்துல சார்" என்றார்கள். அந்தக் காட்டில் அறுபது திருப்பங்கள் இருந்தன. அறுபதும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தன.

ஆபீஸ்காரர்கள் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு நாள் ஓட்டினார்கள். படகு காணாமல் போகவே மாட்டேன் என்றது.

எரிச்சலில் பாஸ்கர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். "அவுங்க கீபோர்ட அமுக்குற அமுக்குல எது வேணா காணாமப் போவும்." அதை அவன் மெதுவாகத்தான் சொன்னானாம். ஆனால் அன்றைக்கு மறுபடி ஓட்டிக் காட்ட வந்திருந்த, அதைக் கேட்கக் கூடாத ஒருவர் காதில் அது விழுந்துவிட்டது.

அவர் பெயர் செல்வம். விசைப்படகில் டிரைவர். மூன்று தடவை காணாமல் போன படகும் அவர் ஓட்டியதுதான். அவருடைய தங்கைதான் அந்த ஆபீஸில் புரோகிராம் எழுதும் தனலட்சுமி. கிள்ளையில் அந்தத் தெருவிலேயே இன்ஜினியரிங் படித்த முதல் பெண். செல்வம் எழுந்து, சட்டையைச் சரி செய்து கொண்டு, "என் கை சரியில்ல தனம். நான் தொட்டா உன் பொழப்பு கெட்டுடும்" என்று சொல்லிவிட்டுப் போனவர், அதற்கப்புறம் அந்தப் படியில் கால் வைக்கவில்லை.

நான் பலாப்பழத்தோடு போய் நின்றது, இதெல்லாம் நடந்து ஒரு வாரம் கழித்து. அன்று காலையும் செல்வத்தோடு போகும் இன்னொருவர் ஆடிப் பார்த்து, அவர் படகும் போயிருந்தது.

இரண்டு வாரத்தில் பெங்களூரிலிருந்து, பணம் போடுகிற ஆள் வருகிறார். கேமை ஆடிப் பார்ப்பார். பிடித்திருந்தால் மேற்கொண்டு நடத்தலாம். அவர் கையிலும் படகு காணாமல் போனால் கடையை மூட வேண்டியதுதான். பாஸ்கருக்கு பெங்களூர் திரும்பிப் போய்விடலாம், பழைய வேலை கிடைக்கும். தனலட்சுமிக்கு? வெளியூரில் தங்கி வேலை பார்க்க வீட்டில் விட மாட்டார்கள். காலையில் பஸ் ஏறி சாயந்திரம் வீடு திரும்புகிற தூரத்தில் இந்த வேலை இருப்பது இந்த ஒரு மாடியில்தான்.

அப்படிப்பட்ட பெண் என்ன செய்ய வேண்டும்? ராப்பகலாகக் கோளாறைத் தேட வேண்டுமா இல்லையா? அவள் தேடவில்லை. வேறு ஏதோ ஒரு சாப்ட்வேர் எழுதிக் கொண்டிருந்தாள்.

"நீங்களே கேளுங்க மாமா" என்றான் பாஸ்கர். "வீடு பத்திக்கிட்டு எரியுது. இவங்க உக்காந்து டார்ச் லைட் செய்றாங்க."

தனலட்சுமி திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. "கண்ணுக்குத் தெரியாத ஓட்டைய எப்படி சார் அடைக்கிறது?" என்றாள். டைப் அடிப்பதையும் நிறுத்தவில்லை.

எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக் கொண்டேன். என்னம்மா செய்கிறாய் என்று கேட்டேன். அவள் ஒரு பைலைத் திறந்து காட்டினாள். எண்கள். எண்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. கீழே போகப் போக வந்து கொண்டே இருந்தன. ஒவ்வொரு நொடியும் பத்து தடவை, படகு எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேம் தானே குறித்து வைத்துக் கொள்கிறதாம். ஆரம்பத்திலேயே அதற்கு ஏற்பாடு செய்து வைத்தவள் இவள்தான்.

"அப்ப இதிலேயே பாத்துக்கலாமே?"

"படகு மறைஞ்ச பிறகும் எண்ணு நிக்கல சார். ஓடிக்கிட்டேதான் இருக்குது. இதுல எது தண்ணியில போன எண்ணு, எது காணாமப் போன எண்ணுன்னு எப்படிக் கண்டுபுடிப்பீங்க?"

நியாயமான கேள்வி. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு பார்த்தேன். எண்கள் எண்களாகவே இருந்தன.

"அதான் சார், இத அப்படியே மேப்பு மேல கோடா வரையற மாதிரி எழுதிக்கிட்டிருக்கேன். ஆளுக்கு ஒரு கலர்."

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. தினசரி இரண்டு மணி நேர மின்வெட்டு. யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கீச் கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. வேறு வழியில்லாமல் எல்லோரும் பலாப்பழத்தைக் கவனித்தோம். கையில் எண்ணெய் தடவிக் கொண்டு சுளை எடுக்கும்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"எங்க ஊர்ல ஒரு போட்டு கரைக்கு வரலன்னா, ஏன் வரலன்னு யாரும் கேக்க மாட்டாங்க சார். கடைசியா யாரு பாத்தது, எங்க பாத்தது, எந்தப் பக்கம் திரும்பி இருந்துச்சு... இதான் கேப்பாங்க. கரைக்கு வந்த ஒவ்வொரு போட்டையும் நிறுத்திக் கேப்பாங்க. மணல்ல கோடு போட்டுக் காட்டச் சொல்லுவாங்க. எல்லா கோடும் சேந்தாதான் எங்க போய்த் தேடறதுன்னு தெரியும்."

ஒரு சுளையின் கொட்டையை நீக்கிக் கொண்டே அடுத்ததைச் சொன்னாள். "எங்கப்பாவ அப்படித்தான் மூணாம் நாள் கண்டுபுடிச்சாங்க."

என் கையில் இருந்த சுளை அப்படியே நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உசுரோடதான் சார். இஞ்சின் நின்னு போயி மெதந்துக்கிட்டு கெடந்தாரு" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாஸ்கரைப் பார்த்தேன். அவனும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். அதற்குப் பிறகு அவன் டார்ச் லைட் பற்றிப் பேசவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பத்து நாள் கழித்து மச்சானிடமிருந்து போன். "மாமா, உடனே கிளம்பி வாங்க. இத நீங்க பாக்கணும்." பலாப்பழம் இல்லாமல் சிதம்பரம் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

தனலட்சுமியின் திரையில் அந்தக் காடு மேலிருந்து பார்த்த மாதிரி விரிந்திருந்தது. கறுப்புப் பின்னணியில் வாய்க்கால்கள் மட்டும் மெல்லிய சாம்பல் நிறத்தில். அவள் ஒரு பட்டனை அழுத்தினாள்.

கோடுகள் ஊர்ந்து வர ஆரம்பித்தன.

பச்சை, மஞ்சள், நீலம், சிவப்பு. ஒவ்வொன்றும் ஒரு மனிதர் ஒரு தடவை ஓட்டிய ஓட்டம். நூற்றுக்கணக்கில் வந்தன. வாய்க்காலுக்குள் வாய்க்காலாக, எறும்பு வரிசை மாதிரி, ஒன்றை ஒன்று ஒட்டி, விலகி, தயங்கி, சில இடங்களில் சுற்றி நின்று, மறுபடி கிளம்பி... பத்து நாள் முன்பு நான் பார்த்த அதே எண்கள்தான். அன்றைக்குத் தலைவலியாகத் தெரிந்தது இன்றைக்கு ஊரே நடமாடுகிற மாதிரி தெரிந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

"சார், இது நீங்க" என்று ஒரு ஊதாக் கோட்டைக் காட்டினாள். போன தடவை, கரண்ட் வந்த பிறகு, ஆசைப்பட்டு நானும் பத்து நிமிடம் ஓட்டியிருந்தேன். என் கோடு முதல் திருப்பத்தைத் தாண்டவில்லை. அதே கரையில் முட்டி முட்டி, ஒரு கொசுவர்த்திச் சுருள் போட்டிருந்தது. மனிதனின் லட்சணத்தை இவ்வளவு துல்லியமாக எந்த ஜோசியரும் எனக்குச் சொன்னதில்லை.

"இப்ப பாருங்க." மற்ற நிறங்களை எல்லாம் அணைத்துவிட்டாள். காணாமல் போன படகுகளின் கோடுகள் மட்டும் மிஞ்சின. எல்லாம் வேறு வேறு நேரத்தில் ஓட்டியவை. ஆனால் எல்லாம் ஒரே ஒரு திருப்பத்தில், வாய்க்காலை விட்டு வெளியே வந்து, காட்டுக்குள் புகுந்து அலைந்து கொண்டிருந்தன. படகு காணாமல் போகவே இல்லை. தரைக்கு அடியில் விழுந்து, வெளியே வர வழி தெரியாமல் ஓடிக் கொண்டிருந்தது.

அந்தத் திருப்பத்தைப் பெரிதாக்கினாள். வாய்க்காலின் வெளிக்கரை ஓரத்தில், தண்ணீருக்கும் கரைக்கும் நடுவில், ஒரு முழ அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. தண்ணீரும் இல்லை, மண்ணும் இல்லை. அறுபது திருப்பங்களில் இந்த ஒன்றை வரையும்போது யாரோ அசந்திருக்கிறார்கள்.

"யாரோ இல்ல மாமா. நான்தான் வரைஞ்சேன்" என்றான் பாஸ்கர்.

சரி, ஓட்டை தெரிந்தது. ஆனால் ஆபீஸ்காரர்கள் நான்கு பேரும் மாதக்கணக்காக ஓட்டியும் ஏன் ஒருவர் கூட அதில் விழவில்லை? செல்வமும் அவரோடு போகிறவரும் மட்டும் ஏன் விழுந்தார்கள்? தனலட்சுமிக்கும் அது புரியவில்லை.

அதற்குப் பதில் அன்றைக்கு ஆடிப் பார்க்க வந்திருந்த சேகரிடம் இருந்தது. செல்வத்தின் படகில் போகிறவர். உட்காரச் சொன்னால் கேட்காமல், கைலியைப் பிடித்துக் கொண்டு நின்றபடியே திரையைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

"இதுல செவப்பா ஓடுறது செல்வம் அண்ணன்தான தனம்?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கோட்டின் மீது பெயர் எதுவும் போடவில்லை. "எப்படி சேகரண்ணே தெரியும்?"

"திருப்பம் வர்றதுக்கு முன்னாடியே வெளிப்பக்கமா அகட்டிடறாரு பாரு. அவரு மட்டுந்தான் அவ்ளோ முன்னாடி அகட்டுவாரு. பின்னாடி போட்டுல வர்றவங்க அதப் பாத்துதான் திருப்புவாங்க."

நான் அந்தச் சிவப்புக் கோட்டை மறுபடி பார்த்தேன். ஒரு மனிதரைக் கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம், செருப்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம். எங்கோ ஒரு கீபோர்டில் நான்கு பட்டனை அழுத்தி ஓட்டிய பொம்மைப் படகை வைத்துமா?

தனலட்சுமி மற்ற நிறங்களையும் மறுபடி போட்டாள். சேகர் விரலால் காட்டிக் கொண்டே போனார். "நாங்க எல்லாருமே வெளிக்கர ஓரமா ஒட்டிப் போறோம். நீங்கள்லாம் உள்பக்கமா நறுக்குன்னு திருப்புறீங்க. நெசத் தண்ணியில அப்படிப் போனா தரை தட்டிடும் சார். திருப்பத்துல உள்பக்கம் மணலு ஏறியிருக்கும். ஆழம் ஜாஸ்தி வெளிப்பக்கந்தான்."

படகுப் பந்தயம் என்றால் குறுக்கே போகிறவன்தானே ஜெயிப்பான்? நான்கு பேரும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார்கள். தண்ணீருக்கு ஆழம் என்று ஒன்று இருக்கிறது என்பதே அவர்கள் நினைப்பில் இல்லை. கேமில் தண்ணீர் ஒரு நீல நிறம், அவ்வளவுதான். அந்த நீல நிறத்தில் கூட செல்வத்தின் கை ஆழத்தைத் தேடிக் கொண்டு போயிருக்கிறது.

"ஏம்மா, நீயும் அந்த ஊர்தானே? உனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்க வீட்ல பொம்பளைங்கள போட்டுல ஏத்த மாட்டாங்க சார். நான் பஸ்ல போயிப் படிச்சவ" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

பாஸ்கர் சுறுசுறுப்பாகிவிட்டான். நாள் குறைவாக இருக்கிறது, படகு அந்த ஓரத்துக்குப் போகாத மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் வைத்துவிடலாம், பத்து நிமிட வேலை என்றான்.

"சுவர் வேணாம் சார்" என்றாள் தனலட்சுமி. "அண்ணன் சரியான வழியிலதான் போயிருக்கான். நாமதான் அங்க தண்ணி ஊத்தல. தண்ணி ஊத்திடலாம்."

பாஸ்கர் சரி என்று தலையை ஆட்டினான். தண்ணீர் ஊற்றினார்கள். அதோடு விடவில்லை. சேகர் சொன்னபடி எல்லாத் திருப்பங்களிலும் உள்பக்கம் மணலும் ஏற்றினார்கள். குறுக்கே போனால் படகு தரை தட்டும்.

அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் சாப்பிட்டுக் கொண்டே கேட்டுவிட்டு, "என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்ற. வுடு" என்று கையைக் கழுவிக் கொண்டு எழுந்துவிட்டாராம்.

பெங்களூர்க்காரர் வந்த அன்றைக்கு, அழையாத விருந்தாளியாக நானும் போய் மூலையில் உட்கார்ந்து கொண்டேன். வந்தவர் ஒரு பெண்மணி, நடுத்தர வயது. கும்பிட்டார், உட்கார்ந்தார், ஓட்ட ஆரம்பித்தார். சிரிப்பு என்பது அவர் முகத்தில் எப்போதாவது வந்ததுண்டா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

முதல் திருப்பத்தில் உள்பக்கமாக நறுக்கென்று திருப்பினார். தரை தட்டியது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி தட்டியது. பாஸ்கர் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தான். தனலட்சுமி கையைக் கட்டிக் கொண்டு நின்றாள். நான் மனசுக்குள் திருவந்திபுரம் பெருமாளுக்கு மொட்டை நேர்ந்து கொண்டேன்.

நான்காவது தடவை அந்த அம்மாள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். படகை மெதுவாக வெளிப்பக்கம் கொண்டு போனார். மரத்தின் வேரை உரசிக் கொண்டு படகு திரும்பியது. அப்புறம் அவர் யாரிடமும் பேசவில்லை. காபி ஆறியது, வடை ஆறியது. திருப்பம் திருப்பமாகத் தாண்டி, செல்வம் விழுந்த அந்தத் திருப்பம் வந்தது. வெளிக்கரை ஓரமாக, நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக் கொண்டிருக்க, படகு வழுக்கிக் கொண்டு போனது.

"தண்ணியில ஓட்டுற மாதிரியே இருக்கு" என்றார், கையை கீபோர்டிலிருந்து எடுக்காமல். "இத நிறுத்தாதீங்க. மேல செய்ங்க."

அந்த மாடியில் அப்போது எழுந்த சத்தத்தில் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் ஏறி வந்துவிட்டார். பாஸ்கர் ஸ்வீட் வாங்க ஓடினான். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டேன். தூசிதான் என்று அவர்களிடம் சொன்னேன்.

தனலட்சுமி மட்டும் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. எட்டிப் பார்த்தேன். செல்வம் விழுந்த அதே திருப்பம். அதில் இரண்டே இரண்டு கோடுகள். சிவப்பு, செல்வம் ஓட்டியது. நீலம், அந்த பெங்களூர் அம்மாள் சற்று முன் ஓட்டியது. இரண்டும் வெளிக்கரையை ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக வந்தன. திருப்பத்தில் சிவப்பு காட்டுக்குள் விழுந்திருந்தது, நீலம் தாண்டிப் போயிருந்தது.

அதைச் சுருட்டிப் பையில் வைத்துக் கொண்டு எழுந்தாள்.

"ஸ்வீட் வரட்டும்மா. அதுக்குள்ள எங்க?"

"தடை முடிஞ்சிடுச்சு சார், அண்ணன் காலையிலயே கடலுக்குப் போய்ட்டான். சாயந்திரம் கரைக்கு வர்றப்ப இந்தக் கோட்டக் காட்ட நான் அங்க நிக்கணும். நாலரை பஸ்ஸ விட்டா முடியாது."

ஒரு போன் போட்டுச் சொன்னால் போதாதா என்று கேட்க வாயெடுத்தேன்... நல்லவேளை, அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.